பதினெட்டு லிட்டரா, இருபத்தொன்றா? ஒரு மோட்டார்ஹோம் கியர்பாக்ஸின் ஆயில் மாற்றமும் அதற்கு ஆன செலவும்

வீட்டு வசதிகளோடு ஓடும் வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால், ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு தொகையைச் சொல்லும். நான் பழையதாக வாங்கிய வண்டிக்கு மூன்று இடங்களில் கேட்டேன். மிகக் குறைந்த தொகைக்கும் மிக உயர்ந்த தொகைக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தது. மூவரும் ஒரே வேலையைத்தான் விலை பேசுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். மூவரும் வெவ்வேறு வேலைகளைப் பேசுகிறார்கள் என்பதும், கியர்பாக்ஸுக்குள் அப்போது என்ன ஆயில் இருந்தது என்பது எனக்கோ அவர்களுக்கோ தெரியாததே அந்த வேறுபாட்டின் வேர் என்பதும் பிறகுதான் புரிந்தது. அது புரிந்த விதத்தையும், அதற்கு ஆன செலவையும் இந்த ஆய்வில் பதிவு செய்கிறேன்.

நாணயமும் கூலியும் இடத்துக்கு இடம் மாறுபவை. எனவே செலவைப் பணத்தில் சொல்லாமல் அலகில் சொல்கிறேன். அங்கீகாரம் பெற்ற செயற்கை டிரான்ஸ்மிஷன் ஆயில் ஒரு லிட்டரின் விலையை 1 அலகு என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த விலைகளின்படி சாதாரணக் கனிம ஆயில் ஒரு லிட்டர் 0.4 அலகு, இரண்டு ஃபில்டர்களும் அவற்றின் காஸ்கட், ஓ-ரிங்குகளும் சேர்ந்து 6 அலகு, பட்டறையில் ஒரு மணி நேர வேலை 10 அலகு. வாசகர் தம் இடத்து விலையை இந்த அலகுகளுக்குப் பதிலாக வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கூலியின் பங்கு கூடலாம், குறையலாம், ஆனால் கணக்கின் போக்கு பெரிதும் மாறாது.

வண்டியும் அதன் கோப்பும்

வண்டி பின்புறம் டீசல் என்ஜின் கொண்ட பெரிய மோட்டார்ஹோம். கியர்பாக்ஸ் அல்லிசன் 3000 வரிசையைச் சேர்ந்த ஆறு வேக ஆட்டோமேட்டிக். இந்த வரிசையில் நான்கு அங்குல ஆழமுள்ள சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) பொருத்தப்பட்ட கியர்பாக்ஸ் முழுக்கக் காலியாக இருந்து நிரப்பப்படும்போது ஏறத்தாழ 27 லிட்டர் கொள்ளும். சர்வீஸின்போது ட்ரெயின் பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டு மீண்டும் ஊற்ற வேண்டிய அளவோ ஏறத்தாழ 18 லிட்டர்தான். மீதி 9 லிட்டர், என்ஜினின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அது வடியாது. 27, 18, 9 என்ற இந்த மூன்று எண்களும் இந்த ஆய்வு முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

முந்தைய உரிமையாளர் பில்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். நான் வாங்குவதற்கு 14 மாதங்களுக்கு முன்பு ஒரு பட்டறையில் கியர்பாக்ஸ் சர்வீஸ் நடந்திருந்தது. அந்தப் பில்லை முதலில் பார்த்தபோது அதில் குறை எதுவும் தெரியவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஆயிலின் தர எண் எதுவும் குறிப்பிடப்படாமல் "ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்" என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது ஒன்று. 21 லிட்டர் ஊற்றியதாகக் கணக்கு காட்டப்பட்டிருந்தது மற்றொன்று. 18 லிட்டர் வடிகிற பெட்டிக்கு எதற்கு 21 லிட்டர்? பில்லில் கூடுதலாக எழுதிவிட்டார்கள் போலும் என்று, சற்று அவசரமாகவே, முடிவு கட்டினேன். உண்மையில் அவர்கள் அந்த 21 லிட்டரையும் நேர்மையாக உள்ளே ஊற்றித்தான் இருந்தார்கள்.

ஆயில் ஊற்றும் குழாயில் ஒட்டப்பட்டிருந்த, எழுத்து மங்கிய சீட்டு ஒன்று வேறு கதை சொன்னது. அந்தக் கியர்பாக்ஸில் டிஇஎஸ் 295 தரச் செயற்கை ஆயில் மட்டுமே ஊற்றப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. டிஇஎஸ் என்பது அல்லிசன் நிறுவனம் தன் கியர்பாக்ஸ்களுக்கு ஏற்ற ஆயில்களை அங்கீகரிக்கப் பயன்படுத்தும் தர வரிசை. 295 என்பது நீண்ட கெடு (அடுத்த மாற்றம் வரையிலான காலம்) கொண்ட செயற்கை ஆயிலுக்கும், 389 என்பது குறுகிய கெடு கொண்ட ஆயிலுக்கும் உரியது. பின்னாளில் 295-இன் இடத்துக்கு 668 வந்திருக்கிறது. முன்பு பரவலாக ஊற்றப்பட்டுவந்த டெக்ஸ்ரான் 3 ஆயிலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வழங்கிய உரிமம் 2006-ஆம் ஆண்டுடன் முடிந்துவிட்டது. அதன் பிறகும் கேனின் மேல் அந்தப் பெயரைத் தாங்கி வரும் ஆயிலின் தரத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பல்ல. இதை நான் சொல்லக் காரணம், பில்லில் பெயரிடப்படாத அந்த ஆயில் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதே. அதன் விலையும் 0.4 அலகு என்ற அளவோடு ஒத்துப்போனது.

ஆக, வண்டி என் கைக்கு வந்தபோது உள்ளே இருந்தது கலவை. பழைய செயற்கை ஆயில் 9 லிட்டர் தங்கியிருக்க, அதன்மேல் 21 லிட்டர் கனிம ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறது. மொத்தம் 30 லிட்டரில் 70 விழுக்காடு கனிம ஆயில்.

வெப்பம் என்ற புகார்

ஆயில் மாற்ற வேண்டும் என்ற எண்ணமே வெப்பத்தால்தான் வந்தது. முழுச் சுமையுடன், பின்னால் ஒரு காரையும் இழுத்துக்கொண்டு நீண்ட மலை ஏற்றம் ஒன்றில் சென்றபோது சம்ப் ஆயிலின் வெப்பநிலை 112 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. இந்தக் கியர்பாக்ஸுக்கு இயல்பான ஓட்டத்தில் 70 முதல் 93 டிகிரி வரை இருப்பது வழக்கம். சம்ப்பில் 121 டிகிரியைத் தாண்டினால் மிகைவெப்பம் என்று கொள்ளப்படும். எனவே 112 என்பது உடனடி ஆபத்து அல்ல. ஆனால் கண்டுகொள்ளாமல் விடக்கூடியதும் அல்ல. ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராய விதி. அதன்படி 90 டிகிரியில் நான்கு ஆண்டு உழைக்கக்கூடிய ஆயில் 110 டிகிரியில் ஓராண்டுதான் உழைக்கும்.

மோட்டார்ஹோமில் இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லாரி பாதி நாள் காலியாகத் திரும்பும். மோட்டார்ஹோமோ, வீட்டுச் சாமானும் தண்ணீர்த் தொட்டியும் எரிபொருளுமாக, எப்போதும் தன் எடை வரம்பை ஒட்டியே ஓடும். சுவர் போன்ற அதன் முகப்பு காற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. மெதுவாக ஏற்றம் ஏறும்போது டார்க் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் விடுபட்டுவிட்டால், என்ஜினின் சக்தியில் ஒரு பகுதி சக்கரத்துக்குப் போகாமல் ஆயிலைக் கடைவதிலேயே வெப்பமாகக் கழிகிறது. இத்தனை உழைப்புக்குப் பிறகு அதே வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். நிற்கும் வண்டியை மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. முந்தைய உரிமையாளரும் அதைப் பெருமையாகவே சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது. உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறுவதும் இல்லை. செய்வதானால் ஆயில் முழுதாகச் சூடாகும் வரை சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடாமலே விட்டுவிடலாம்.

மூன்று விலைகள்

முதல் பட்டறை பொதுவான சர்வீஸ் நிலையம். முன்பு போட்டது போலவே போட்டுவிடலாம் என்றார்கள்: கனிம ஆயில், ஃபில்டர், இரண்டு மணி நேர வேலை, மொத்தம் 34 அலகு. இரண்டாவது, கனரக வண்டிகளின் கியர்பாக்ஸ் வேலையை மட்டும் செய்யும் பட்டறை. அங்கே பேசியவர் விலை சொல்வதற்கு முன் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: உள்ளே என்ன ஆயில் இருக்கிறது, சம்ப் நான்கு அங்குலமா இரண்டு அங்குலமா, ஆயில் அளவைக் கடைசியாக எதை வைத்துப் பார்த்தீர்கள். செயற்கை ஆயிலை இரண்டு முறை மாற்ற வேண்டும் என்று சொல்லி 72 அலகு கேட்டார். முதல் முறை ஆயிலுக்கு 18, ஃபில்டருக்கு 6, வேலைக்கு 20 ஆக 44; சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இரண்டாம் முறை ஆயிலுக்கு 18, வேலைக்கு 10 ஆக 28. மூன்றாவது இடத்தில், கூலர் குழாயைக் கழற்றி இயந்திரத்தை இணைத்து, 40 லிட்டர் புது ஆயிலை உள்ளே செலுத்திப் பழையதை முழுக்கத் தள்ளிவிடுவதாகச் சொன்னார்கள். விலை 80 அலகு.

மூன்றாவது முறை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே நாளில் முழு ஆயிலும் மாறிவிடும். ஆனால் அந்த இயந்திரம் அதற்கு முன் எந்த வண்டியில், எந்த ஆயிலுடன் இணைக்கப்பட்டிருந்தது என்ற கேள்விக்கு அங்கே திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கலவையை ஒழிப்பதற்காகக் காசு கொடுத்துவிட்டு இன்னொரு கலவையை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது பட்டறைக்காரர் கேட்ட மூன்றாவது கேள்விதான் என்னை நிறுத்தியது. அளவை எதை வைத்துப் பார்த்தேன்? ஆயில் மட்டம் பார்க்கும் கோடிட்ட கம்பியான டிப்ஸ்டிக்கை வைத்துத்தான். அது சரி என்றே காட்டியது.

டிப்ஸ்டிக் சொன்னதும் கியர்பாக்ஸ் சொன்னதும்

இந்த வகைக் கியர்பாக்ஸில் ஆயில் அளவை அறிய உள்ளேயே ஓர் உணரி இருக்கும் வண்டிகள் பல. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, கியர் தேர்வுப் பலகையில் உள்ள மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் ஒருசேர அழுத்த வேண்டும். சம்ப் ஆயில் 60 முதல் 104 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆயில் அடங்க இரண்டு நிமிடம் ஆகும், அதுவரை பலகையில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும். பிறகு அளவு சரி என்றோ, எத்தனை குவார்ட் குறைவு அல்லது கூடுதல் என்றோ திரையில் தெரியும். ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவு.

என் வண்டியில் "கூடுதல் 3" என்று வந்தது. நம்பிக்கை இல்லாமல் வேறொரு சமதளத்துக்கு ஓட்டிச்சென்று மீண்டும் பார்த்தேன், அதே 3. டிப்ஸ்டிக்கோ நிறைவுக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே காட்டிக்கொண்டிருந்தது. டிப்ஸ்டிக்கும் அதன் குழாயும் வண்டியின் உடலைக் கட்டுபவர் பொருத்துபவை. குழாயின் நீளமும் வளைவும் வண்டிக்கு வண்டி மாறுவதால், கோடு சரியான இடத்தில் போடப்பட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு வண்டியிலும் சரிபார்த்தாக வேண்டும். இந்த வண்டியில் யாரும் அதைச் செய்யவில்லை. உணரியும் டிப்ஸ்டிக்கும் முரண்பட்டால் உணரியையே நம்ப வேண்டும்.

பழைய பில்லின் 21 லிட்டருக்கு இங்கே விடை கிடைத்தது. பட்டறையில் 18 லிட்டர் ஊற்றிவிட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்திருக்கிறார்கள். குறைவு என்று அது காட்டியிருக்கிறது. கோடு வரும் வரை ஊற்றியிருக்கிறார்கள். கையேட்டில் உள்ள அளவையும் கையில் இருந்த கேன்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை ஒப்பிட்டிருந்தால் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும்.

ஆயில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் என்ஜின் விஷயத்திலேயே தவறு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அது இன்னும் பெரிய தவறு. சரியான அளவில் சுழலும் பாகங்கள் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும். மட்டம் உயர்ந்தால் அவை ஆயிலில் முங்கிச் சுழன்று மத்து போலக் கடையத் தொடங்கும். காற்று கலந்து நுரை வரும். நுரை கலந்த ஆயிலைப் பம்பு தள்ளும்போது கிளட்ச் தகடுகளைப் பிடிக்கும் அழுத்தம் நிலையாக இருக்காது. கடைவதாலேயே வெப்பமும் ஏறும். ஆயில் குறைவாக இருக்கும்போது தெரியும் அறிகுறிகளே மிகையாக இருக்கும்போதும் தெரிவதால், அறிகுறியை மட்டும் பார்த்து இன்னும் கொஞ்சம் டாப்-அப் செய்பவர்களும் உண்டு.

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தது

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது பயன் தந்தது என்று தெரிந்திருக்காது. எனவே ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே ஏற்றத்தில், அதே சுமையுடன், ஏறத்தாழ அதே வெயிலில் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். இதை ஆய்வகச் சோதனை என்று சொல்ல மாட்டேன்; காற்றின் திசையையும் போக்குவரத்தையும் நான் கட்டுப்படுத்த முடியாது. ஆனாலும் கிடைத்த எண்கள் குழப்பத்துக்கு இடம் தரவில்லை.

முதலில் கூடுதலாக இருந்த ஏறத்தாழ 3 லிட்டரை மட்டும் வடித்தேன். உணரி "சரி" என்று காட்டியது. ஏற்றத்தின் உச்சத்தில் வெப்பம் 104 டிகிரி. செலவு எதுவும் இல்லை. அடுத்துப் பின்பக்க ரேடியேட்டர். என்ஜின் பின்னால் இருக்கும் மோட்டார்ஹோம்களில், என்ஜினின் அடிக்கூடான கிரேங்க்கேஸின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவி குளிர்விப்பான்களின் மேல் படிந்து, சாலைத் தூசியைப் பசைபோலப் பிடித்துவைப்பது தெரிந்த தொல்லை. அடுக்கடுக்காக இருக்கும் குளிர்விப்பான்களுக்கு நடுவே அது படிவதால் வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். கொழுப்பு நீக்கும் திரவமும், குறைந்த அழுத்தத் தண்ணீருமாக இரண்டு மணி நேரம் கழுவியதில் ஓடிய கறுப்புத் தண்ணீரைப் பார்த்தபோது, இத்தனை நாள் இந்த வண்டி எப்படி ஓடியது என்ற வியப்பே மிஞ்சியது. அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். பொறுமைதான் இதற்குக் கருவி. அதன் பிறகு அதே ஏற்றத்தில் 93 டிகிரி.

மூன்றாவதாகத்தான் ஆயில் மாற்றம். முடிந்த பிறகு 92 டிகிரி. ஒரு டிகிரி வேறுபாடு அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும்.

ஆகவே, எந்தப் புகாருக்காக ஆயில் மாற்றத்தை நாடினேனோ அந்தப் புகாரை ஆயில் மாற்றம் தீர்க்கவில்லை. முதல் பட்டறையில் 34 அலகு கொடுத்து, அவர்கள் டிப்ஸ்டிக்கை நம்பி மறுபடியும் 21 லிட்டர் ஊற்றியிருந்தால், வெப்பம் 112-இலேயே நின்றிருக்கும். நானும் கியர்பாக்ஸே கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்திருப்பேன்.

அப்படியானால் ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்?

வெப்பத்துக்காக அல்ல, கலவைக்காகவும் அதன் வயதுக்காகவும். மாற்றுவதற்கு முன் ஆயில் மாதிரி ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அதற்கு 3 அலகு. பயன்படுத்திய ஆயிலின் பிசுபிசுப்பு புதியதிலிருந்து 25 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, அமில எண் புதியதைவிட 3-க்கு மேல் ஏறக் கூடாது என்பவை இந்தக் கியர்பாக்ஸுக்குச் சொல்லப்படும் வரம்புகள். என் மாதிரியின் அறிக்கை வரம்புக்குள் இருந்ததாகச் சொன்னது. ஆனால் எதன் வரம்புக்குள்? புதிய ஆயிலோடு ஒப்பிடுவதே இந்தச் சோதனையின் அடிப்படை. 70 விழுக்காடு பெயர் தெரியாத ஆயிலும் 30 விழுக்காடு பழைய செயற்கை ஆயிலும் கலந்த ஒன்றுக்குப் புதிய மாதிரி என்று எதை எடுத்துக்கொள்வது? அந்த எண்களை நான் பெரிதாக நம்பவில்லை. நம்பியது ஒன்றே ஒன்றை: மாதிரியில், ரேடியேட்டர் தண்ணீரில் சேர்க்கப்படும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் இல்லை. கூலரில் கசிவு ஏற்பட்டு ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தால், அதிலுள்ள கிளைக்கால் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையைக் கெடுத்துவிடும். அந்த நிலையில் ஆயில் மாற்றுவதற்குச் செலவழிப்பது வீண். அது இல்லை என்ற உறுதிக்காகவே 3 அலகு தகும்.

இனி மாற்றும் கெடு. பொதுவான பயன்பாட்டில், 295 தரத்தை எட்டாத ஆயிலுக்கு 25,000 மைல், அதாவது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், அல்லது 1,000 மணி நேரம், அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. கலவைக்கும் இந்தக் குறுகிய கணக்கே. முழுக்க 295 தர ஆயிலாக இருந்து, உரிய ஃபில்டர்களும் இருந்தால் 3,00,000 மைல், 6,000 மணி நேரம், 48 மாதம் என்று கெடு நீள்கிறது. மெயின் ஃபில்டருக்கு மட்டும் 36 மாதம். மோட்டார்ஹோம்காரர் இந்த மைல் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் எப்போதும் முந்துவது காலண்டர்தான். 12 மாதமா, 48 மாதமா என்பதே அவருக்கு உண்மையான கேள்வி.

கலவை எவ்வளவு விரைவில் தெளியும் என்பது எளிய பெருக்கல். ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. 70 விழுக்காடாக இருந்த கனிம ஆயில் முதல் மாற்றத்துக்குப் பிறகு 23 ஆகவும், இரண்டாவதற்குப் பிறகு ஏறத்தாழ 8 ஆகவும், மூன்றாவதற்குப் பிறகு 3-க்கும் குறைவாகவும் ஆகும். இரண்டு முறை வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னதன் பொருள் இதுதான்; நான் முதலில் அதை இரட்டிப்பு வசூல் என்று எண்ணியது என் தவறு.

வேலை நடந்த விதம்

இந்தக் கியர்பாக்ஸில் வேலை சிக்கலானதல்ல. ஃபில்டர்கள் இரண்டும் கீழிருந்தே எட்டும்படி தனித்தனி மூடிகளுக்குள் இருப்பதால் சம்ப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்தால் அடியில் தங்கிய தூளும் சேர்ந்து வரும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பழைய காஸ்கட் மூடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் வழக்கம் உண்டு. அதைக் கவனிக்காமல் புதியதை மேலே வைத்துப் பூட்டினால் ஒழுகும். ட்ரெயின் பிளக்குக்கு 25 முதல் 32 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வலு முழுவதையும் காட்டினால் அலுமினிய மரைதான் போகும். புது ஆயிலை 18 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, என்ஜினை ஓட்டி, குளிர்ந்த நிலையில் ஒருமுறை அளவு பார்த்தார்கள். அது வண்டியை அசைக்கலாமா என்று தெரிந்துகொள்ள மட்டுமே. வேலைக்குரிய வெப்பத்துக்கு வந்த பிறகு உணரியில் பார்ப்பதே இறுதி அளவு. கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துக் காட்டச் சொன்னேன். மெல்லிய கருந்தூள் இருந்தது. உலோகச் செதில் இல்லை.

அளவு சரியான பிறகு டிப்ஸ்டிக்கில் அந்த மட்டத்தில் புதிய கோடு ஒன்றைக் கீறச் சொன்னேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தச் சர்வீஸில் வருங்காலத்துக்கு மிகவும் பயன்படப்போவது அந்தக் கீறல்தான் என்பது என் எண்ணம்.

கூலியை மிச்சம் பிடிக்க நாமே செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிலும் ஃபில்டரும் மட்டும் வாங்கினால் முதல் மாற்றம் 24 அலகில் முடியும்; கணக்கு கவர்ச்சிகரமானதுதான். ஆனால் காற்றுத் தலையணை மேல் நிற்கும் வண்டி இது. காற்று கசிந்தாலோ ஒரு வால்வு திறந்தாலோ சில நொடிகளில் சட்டகம் கீழே இறங்கிவிடும்; அடியில் இருப்பவருக்கு விலகக்கூட இடமிருக்காது. வண்டியைச் சமப்படுத்தும் ஹைட்ராலிக் கால்களும் இதற்கு நம்பத்தக்கவை அல்ல. சட்டகத்தின் அடியில் அதன் எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளை வைக்காமல், அல்லது குழியுள்ள இடம் இல்லாமல், இந்த வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. அந்த ஸ்டாண்டுகளின் விலையைச் சேர்த்தால் முதல் ஓரிரு சர்வீஸ்களில் மிச்சம் எதுவும் இராது. பதினெட்டு லிட்டர் பழைய ஆயிலை மூடிய கேன்களில் நிரப்பிச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கும் வேலையும் நம்முடையதாகிவிடும்.

முன்பக்க என்ஜின் கொண்ட சிறிய மோட்டார்ஹோம்களில் இந்தக் கணக்கு வேறு. அவற்றில் பலவற்றுக்கு ஃபில்டர் சம்ப்புக்குள் இருப்பதால் சம்ப்பைக் கழற்றியே தீர வேண்டும். ஆனால் ஃபோர்டின் பழைய இ4ஓடி போன்ற கியர்பாக்ஸ்களில் டார்க் கன்வெர்ட்டருக்கே தனி ட்ரெயின் பிளக் பெரும்பாலும் இருப்பதால் தங்கும் பங்கு மிகக் குறைவு. ஆயில் தரமும் வேறு. ஃபோர்டுக்கு மெர்க்கான் வரிசை. ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்கு ஆகாது.

நான்கு ஆண்டுக் கணக்கு

கனிம ஆயிலோடு தொடர்ந்தால் ஆண்டுக்கு 34 அலகு வீதம் நான்கு ஆண்டுக்கு 136. நான் தேர்ந்தெடுத்த வழியில் இப்போது 72. 8 விழுக்காடு பழைய ஆயில் உள்ளே இருக்கும்போது முழு 48 மாதத்தையும் நம்பி விட்டுவிட எனக்குத் துணிவில்லை என்பதால், இரண்டாம் ஆண்டு முடிவில் ஃபில்டரோடு இன்னொரு மாற்றம், 44. ஆக 116. வேறுபாடு வெறும் 20 அலகு. செயற்கை ஆயில் போட்டால் பணம் கொட்டும் என்பது போலப் பேசுபவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். உண்மையான லாபம் அடுத்த நான்கு ஆண்டுகளில்தான் வரும்: ஒருமுறை முழுச் சர்வீஸ் 44, நடுவில் ஃபில்டர் மட்டும் மாற்ற 16, மொத்தம் 60. அதே காலத்தில் கனிம ஆயிலுக்கு மீண்டும் 136.

வண்டியை இரண்டு ஆண்டுக்குள் விற்றுவிடும் எண்ணம் இருப்பவருக்கு என் வழி லாபமே இல்லை. அவருக்குக் கனிம ஆயில் இரண்டு முறைக்கு 68, என் வழியில் 72. டிஇஎஸ் 389 தர ஆயிலை ஊற்றி, ஆண்டுதோறும் தவறாமல் மாற்றி, பில்லில் அந்தத் தர எண்ணை எழுதி வாங்கிக்கொண்டால் அவர் செய்வதில் பிழை எதுவும் இல்லை. பிழை, ஒன்றை ஊற்றிவிட்டு மற்றொன்றின் கெடுவை நம்பியிருப்பதில்தான் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் அதைத்தான் செய்திருந்தார். உள்ளே செயற்கை ஆயில் இருப்பதாகவே நம்பி, 14 மாதம் ஆகியும் அடுத்த மாற்றத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று என்னிடம் சொல்லி விற்றார்.

அன்று அவருக்குச் செயற்கை ஆயில் போட்டிருந்தால் 44 அலகு ஆகியிருக்கும். பட்டறை கனிம ஆயில் ஊற்றியதால் 10 அலகு மிச்சம். அந்தப் பத்தின் விளைவாக எனக்கு இரண்டாம் மாற்றத்துக்கு 28 கூடுதல். இரண்டாம் ஆண்டு முடிவில் செய்யப்போகும் 44 அலகு மாற்றத்துக்குப் பதிலாக ஃபில்டர் மட்டும் மாற்றும் 16 போதுமானதாக இருந்திருக்கும் என்பதால், அதிலும் 28 கூடுதல். மொத்தம் 56.

இப்போது ஆயில் ஊற்றும் குழாயில் புதிய சீட்டு ஒன்று தொங்குகிறது. ஆயிலின் முழுப் பெயர், டிஇஎஸ் எண், இரண்டு மாற்றங்களின் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய லிட்டர், உணரி காட்டிய அளவு, உள்ளே மிச்சம் இருக்கும் பழைய ஆயிலின் விழுக்காடு ஆகிய ஏழும் அதில் இருக்கின்றன. இரண்டாம் முறை ஊற்றியதற்கு நேரே 18 என்று எழுதியிருக்கிறது.